காசிமாயனின் அம்மா

முனீஸ்வரி கல்யாணமாகி வேப்பனூத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரே ஒரு பெயரை மட்டும் வாயால் சொன்னதில்லை. காசிமாயன் என்பது அந்தப் பெயர். அது அவளுடைய மாமனாரின் பெயர். குலசாமியின் பெயரும் அதுதான். போதாக்குறைக்கு அவள் பெற்ற மகனின் பெயரும் அதுவேதான்.

மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் துணிச்சலும் யாருக்கும் வந்ததில்லை. டி. கல்லுப்பட்டியில் பத்தாவது வரை படித்து, தலைமையாசிரியருக்கே பட்டப்பெயர் வைத்த முனீஸ்வரியும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கித்தான் போனாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பாள், அவர் சொல்லிவிடுவார். மகனைத் துரை என்று கூப்பிட்டாள். கோயிலில் நின்று கும்பிடும்போதுகூட ‘சாமி’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எந்தச் சாமி என்று சாமிக்குத் தெரியாதா என்ன.

செக்கானூரணியைத் தாண்டி மேற்கே போனால் வருகிற வேப்பனூத்தில் காசிமாயன்களுக்குப் பஞ்சமே கிடையாது. தாத்தாவின் பெயரை மூத்த பேரனுக்கு வைப்பார்கள். தாத்தாக்களில் பாதிப் பேருக்குச் சாமியின் பெயர். அப்புறம் கேட்கவா வேண்டும். சாமிப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து இந்த ஊரை உண்டாக்கியவர் ஒரு காசிமாயன். பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, தண்ணீரைக் கண்ணால் பார்த்த மறுநாள் செத்துப்போனவர் இன்னொருவர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரை போய், ஒரு குடையோடு திரும்பி வந்தவர் ஒருவர். அந்தக் குடையைச் சாகும்வரை அவர் மழைக்குக்கூட விரிக்கவில்லை. வாடிவாசலில் பெயரெடுத்த காசிமாயன் உண்டு. ஊராட்சித் தேர்தலில் ஒரே சமயத்தில் மூன்று காசிமாயன்கள் நின்றதும் உண்டு. யார் ஜெயித்தாலும் நன்றி போஸ்டரை இப்போதே அடித்துவிடலாம் என்று அச்சகத்துக்காரர் சொன்னாராம். உயிரோடு இருப்பவர்களைக் கிணற்றுக் காசிமாயன், மிலிட்டரி காசிமாயன், கரண்டு காசிமாயன் என்று தாத்தன் செய்ததையோ தான் செய்வதையோ சேர்த்துச் சொன்னால்தான் ஆள் பிடிபடும்.

முனீஸ்வரியின் மாமனார் பெட்டிக் காசிமாயன். ஊரை உண்டாக்கியவரின் நேர் வாரிசு. சாமிப் பெட்டி அந்த வீட்டில்தான் இருக்கிறது. மாசி சிவராத்திரி அன்று பூசாரி வாசலில் வந்து நின்று, “காசிமாயா, பெட்டி எடுக்க வா” என்று மூன்று தடவை கூப்பிடுவார். வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெயருக்குரியவன் “வாரேன்” என்று குரல் கொடுத்து, பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக் கோயில் வரைக்கும் நடக்க வேண்டும். மூன்று தடவைக்குள் குரல் வராவிட்டால் பெட்டி பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அப்படிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

இந்தப் பெட்டியால்தான் ஒரே வீட்டில் இரண்டு பேரன் காசிமாயன்கள் வந்தார்கள். அதற்கு முனீஸ்வரிதான் காரணம்.

அவள் கணவன் அழகுபாண்டி மூத்தவன். கொழுந்தன் சிவக்குமார் இளையவன். ஆனால் முதலில் பிள்ளை பிறந்தது சிவக்குமாரின் மனைவி முத்துமீனாவுக்கு. தாத்தா பெயரை அந்தப் பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். அப்போது முனீஸ்வரி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவளுக்கும் ஆண் பிறந்ததும் ஆரம்பித்தது ரகளை. மூத்தவன் பிள்ளைக்கு இல்லாத பெயர் என்ன பெயர் என்றாள். பெயர் வைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று பிறந்த வீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் முத்துமீனாதான் வந்து அழைத்துப் போனாள்.

“வச்சுட்டுப் போங்கக்கா. பேரு என்ன தேயவா போகுது?” என்றாள்.

முத்துமீனா அப்படிப்பட்டவள். அவளும் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதே. அவளுக்கு அவன் ராசு. துரையும் ராசுவும் ஒரே முற்றத்தில் வளர்ந்தார்கள். ஒருத்தி அடுப்பில் குழம்பு என்றால் இருவர் தட்டுக்கும் அதுதான். கிழவருக்குக் கழுத்து தளர்ந்து இனிப் பெட்டி தூக்க முடியாது என்றானபோது, “ரெண்டு பேருல எவன் மொதல்ல வாரேன்னு சொல்றானோ அவன் தூக்கட்டும்” என்று முடித்துவிட்டார். ராசு வெடுக்கென்று பேசுகிறவன். அன்றிலிருந்து வருஷா வருஷம் அவன்தான் முந்திக்கொண்டான். முனீஸ்வரிக்கு வயிறு எரியத்தான் செய்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, காட்டிக்கொள்ளவில்லை என்று அவள் நினைத்தாள், ஊருக்கே தெரிந்திருந்தது.

சென்ற தை மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், உச்சி வெயில் நேரம். லோடு வேன் ஓட்டும் மலைச்சாமிக்கு, டவுனில் காளவாசலில் பழக்கடை வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார்.

“மலைச்சாமி அண்ணே, உங்க ஊருப் பய ஒருத்தன் மேல லாரி ஏறிருச்சு. வேப்பனூத்து, காசிமாயன்னு சொன்னான். அம்புட்டுதான், நெனவு தப்பிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக. வீட்டாளுகளக் கூட்டிட்டு வெரசா வாங்க.”

செய்தி தெருவில் இறங்கியதும் ஒவ்வொரு காசிமாயன் வீட்டிலும் போனை எடுத்தார்கள். கிணற்றுக் காசிமாயன் வாசலுக்கு வந்து, “நான் இங்கனதாம்ப்பா இருக்கேன்” என்று தன்னைத் தானே காட்டிக்கொண்டார். கரண்டு காசிமாயனைக் கம்பத்தின் மேல் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பய என்றால் சின்ன வயசு. சின்ன வயசுக் காசிமாயன்கள் இரண்டே பேர்தான். துரை காளவாசலில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்தான். ராசுவுக்கு அங்கேயே ஒரு டைல்ஸ் கடையில் வேலை.

துரையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ராசுவின் போன் அணைந்திருந்தது. அப்பன்மார் இருவரும் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு காங்கேயம் போயிருந்தார்கள். இரண்டு தாய்களும் மலைச்சாமியின் வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் உட்காரும் இடம் அது இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் போனார்கள்.

முனீஸ்வரி திரும்பத் திரும்பத் துரையின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். மனசுக்குள் சாமியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்: எம் புள்ளையா இருக்கக் கூடாது, எம் புள்ளையா இருக்கக் கூடாது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் தான் கேட்பது என்னவென்று அவளுக்கு உறைத்தது. அவள் பிள்ளை இல்லையென்றால் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்திருப்பவளின் பிள்ளை. திரும்பிப் பார்த்தாள். முத்துமீனாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அவள் என்ன கேட்கிறாள் என்று முனீஸ்வரிக்குத் தெரியாதா? இருவரும் ஒரே சாமியிடம் ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி கொடுத்துக்கொண்டு போனார்கள். வேறு பெயர் வைத்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும் என்று ஓர் எண்ணம் வந்தது. தன் வீம்பைத் தானே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

“அக்கா,” என்றாள் முத்துமீனா, ரோட்டைப் பார்த்தபடி. “யாரா இருந்தாலும் நம்ம புள்ளதானக்கா.”

“ஆமா மீனா.”

இரண்டு பேருமே பொய் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒருவர் தடுத்து, உள்ளே ஒரு ஆள்தான் வரலாம், வந்து அடையாளம் பாருங்கள் என்றார். இருவருமே நகரவில்லை. தெரியாமல் இருக்கும் வரைக்கும் இரண்டு பிள்ளைகளும் நன்றாகத்தான் இருந்தார்கள். முத்துமீனா சுவரைப் பிடித்துக்கொண்டு, “நீங்க போங்கக்கா, எனக்குக் காலு வரல” என்றாள்.

முனீஸ்வரி போனாள். கட்டிலில் கிடந்தவனின் முகத்தில் பாதியைச் சுவாசக் குழாயும் பஞ்சும் மறைத்திருந்தன. வீங்கியிருந்தது. முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, கையைப் பார்த்தாள். செல்போனுக்கு ஈயப்பற்று வைக்கும்போது சூடு பட்டுப் பட்டுத் துரையின் வலது ஆள்காட்டி விரல் நுனி தழும்பேறிப் போயிருக்கும். இந்த விரல் மழமழவென்று இருந்தது. மறுபடியும் தடவிப் பார்த்தாள். தழும்பு இல்லை.

அப்போது அவளுக்கு வந்தது சந்தோஷம். அதை வேறு எந்தப் பெயரிட்டும் மூட முடியாது. நெஞ்சு நிறைந்து, கண்ணில் நீர் வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் ராசுவின் முகத்தைப் பார்த்தாள். சோற்றை உருட்டி அவள் கையால் ஊட்டி வளர்த்த முகம். அந்தச் சந்தோஷத்துக்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

வெளியே வந்து, “மீனா, நீ போ” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. முத்துமீனா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து கேட்ட சத்தத்தில் வாசல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இடது கால் முட்டிக்கு மேலே நசுங்கிவிட்டது. காப்பாற்ற வழியில்லை. இப்போதே எடுத்தால் உயிர் தங்கும். தாமதமானால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும். அப்பா அல்லது அம்மா கையெழுத்துப் போட வேண்டும். மற்ற உறவுக்காரர் போட்டால் இங்கே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முத்துமீனா கணவனுக்குப் போன் செய்தாள். சிவக்குமாரின் குரல் முனீஸ்வரிக்கே கேட்டது.

“கால எடுக்க விட்றாத. நான் வந்துக்கிட்டே இருக்கேன். வேற பெரிய டாக்டரப் பாப்போம். கையெழுத்து மட்டும் போட்றாத, ஆமா.”

காங்கேயத்திலிருந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முனீஸ்வரி எடுத்துச் சொன்னாள். கையைப் பிடித்துச் சொன்னாள். முத்துமீனா வராந்தாவில் தரையில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டினாள்.

“அவரு வரட்டும்க்கா. எந்திரிச்சுக் காலத் தேடுவானே, அப்ப நான் என்னத்தச் சொல்லுவேன்? பெத்தவளே வெட்டச் சொன்னான்னு கேப்பானேக்கா.”

“மொதல்ல எந்திரிக்கட்டும் மீனா.”

“நீங்க சொல்லுவீக. ஒங்க புள்ள இல்லயில்ல.”

அந்த நேரம் பார்த்துத்தான் துரை போனில் வந்தான். கடையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தானாம். அவன் “என்னம்மா” என்ற குரலைக் கேட்டதும் முத்துமீனா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் அறைக் கதவு திறந்து, ஜெஸி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நர்ஸ் ஒருத்தி தாளோடு வெளியே வந்தாள். இதுவரை இவர்களைப் பார்க்காதவள்.

“காசிமாயனோட அம்மா யாரு? இனிமே காத்திருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றார்.”

முத்துமீனா வராந்தாக் கோடியில் சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். அவள் நிமிரவில்லை. முனீஸ்வரி நின்றது ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் அவள் என்னவெல்லாம் நினைத்தாள் என்பதை அப்புறம் அவளே ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இந்தக் கால் போனால் மாசியில் பெட்டி யார் தலைக்குப் போகும் என்பதும் அந்த நினைப்புகளில் ஒன்றாக இருந்தது. ஊர் அதைத்தான் சொல்லும் என்பதும் தெரிந்தது. கொழுந்தன் அடிக்க வருவான். பிழைத்து எழுந்தவன் காறித் துப்புவான்.

“நான்தான்,” என்றாள்.

“பேஷன்ட் பேரை ஒருதடவை உங்க வாயால சொல்லுங்கம்மா. ஆள் மாறக் கூடாதில்ல.”

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பழக்கத்தில் கண் தேடியது. யாரும் இல்லை.

“காசிமாயன்,” என்றாள் முனீஸ்வரி.

நாக்கு அறுந்து விழவில்லை. கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற இடத்தில் அம்மா என்று எழுதினாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் முத்துமீனாவிடம் நடந்து போய், எதிரில் உட்கார்ந்து, தான் செய்ததைச் சொன்னாள். முத்துமீனா எழுந்து போய் வேறொரு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ராசு பிழைத்தான். சிவக்குமார் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனின் சட்டையைப் பிடித்ததும், மலைச்சாமி விலக்கிவிட்டதும் அவர்கள் திரும்புவதற்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. ஊர் எதிர்பார்த்தபடிதான் பேசியது. பெட்டிக்கு இருந்த போட்டியைப் பெரியவள் பேனாவாலேயே வெட்டிவிட்டாள் என்றார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. ராசு மட்டும், வீட்டுக்கு வந்த அன்று, “பெரியம்மா, கொஞ்சம் தண்ணி” என்று கேட்டான். அவன் அவளை ஒன்றும் சொல்லவில்லை. முத்துமீனாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே முற்றத்தில், எதிரும் புதிருமான இரண்டு கதவுகளுக்கு நடுவே, அவள் முனீஸ்வரியைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நடமாடினாள். திட்டியிருந்தால் தேவலை என்று முனீஸ்வரி ஏங்கினாள்.

மாசி சிவராத்திரி வந்தது. முந்தின நாளே முனீஸ்வரி மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“நாளைக்கி நீ வாயத் தெறக்கக் கூடாது துரை.”

“நானும் அதத்தாம்மா நெனச்சிருந்தேன்,” என்றான் அவன்.

பொழுது சாயும் நேரத்தில் பூசாரி வாசலில் வந்து நின்றார். ஊர் பின்னால் நின்றது. பங்காளிகள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள். உள்ளே பெட்டிக்கு அந்தப் பக்கம் துரை. இந்தப் பக்கம் நாற்காலியில் ராசு, ஊன்றுகட்டையை மடியில் போட்டுக்கொண்டு. கிழவர் தூணில் சாய்ந்திருந்தார்.

“காசிமாயா, பெட்டி எடுக்க வா.”

குரல் வரவில்லை. ராசு தலையைக் குனிந்திருந்தான். துரை கூரையைப் பார்த்தான்.

“காசிமாயா, பெட்டி எடுக்க வா.”

வெளியே முணுமுணுப்பு எழுந்தது. பங்காளிகளில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கிழவர் தூணைப் பற்றிக்கொண்டார். அத்தனை தலைமுறை காசிமாயன்கள் சுமந்தது இவர் கண் முன்னால் வாசல் தாண்டிப் போகப் போகிறது. பூசாரி மூன்றாவது தடவைக்கு வாயைத் திறப்பதற்குள் முத்துமீனா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். முற்றத்தைக் கடந்து நேராக முனீஸ்வரியின் முன்னால் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவளிடம் பேசியது அப்போதுதான்.

“கால எடுத்ததுக்குன்னு நெனச்சீகளாக்கா, இத்தன நாளு நான் பேசாம இருந்தது? அதுக்கில்ல. அன்னைக்கி அம்மா யாருன்னு அந்த நர்சுப் புள்ள கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சுக்கா. நான் வாயத் தெறக்கல. நீங்க சொன்னீக. அதத்தான் என்னால தாங்க முடியல.”

முனீஸ்வரி அழுதாள்.

“சொன்னீகள்ல,” என்றாள் முத்துமீனா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். “அப்ப இப்பயும் நீங்களே கூப்புடுங்க. ஒங்க வாயால.”

மாமனார் தூணருகே இருந்தார். ஊர் முழுக்க வாசலில் நின்றது. மருமகள்கள் யாரும் செய்யாததை முனீஸ்வரி செய்தாள்.

“காசிமாயா,” என்று கூப்பிட்டாள். “பெட்டி எடுக்க வாப்பா.”

“வாரேன்” என்று இரண்டு குரல்கள் வந்தன. எது முந்தியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தூணருகிலிருந்து, சற்றுப் பிந்தி, கிழவரின் குரலும் வந்தது.

பெட்டி துரையின் தலையில் போனது. பக்கத்திலேயே ராசு ஊன்றுகட்டையோடு நடந்தான். அவனுடைய ஒரு கை பெட்டியின் விளிம்பில் இருந்தது. அவன் நடைக்குத் தக்கபடி துரை மெதுவாக நடந்ததால் கோயில் போய்ச் சேர நன்றாக இருட்டிவிட்டது. அம்மாக்கள் இருவரும் பின்னால் போனார்கள். வழியில் முத்துமீனா ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

“பாத்து வாங்கக்கா, கல்லு கெடக்கு,” என்றாள்.